கெங்கம்மாளின் தண்ணீர்க் கண்ணாடி

2004ஆம் வருடம் தை மாதம் தொடங்கி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரப்பர் வளையம் சோதிக்கும் கெங்கம்மாள் தன் கண்ணீரைக் கண்ணாடிக்குள் ஊற்றிக்கொண்டுதான் வேலை பார்த்தாள். அப்பா செத்த துக்கம் நாலு மாதத்துக்கு வந்தது. மாமியார் செத்த துக்கம் அரை நாளைக்குக்கூட வரவில்லை. அதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது, அந்த மாமியாரை நாங்களும் பார்த்திருக்கிறோம்.

கண்ணாடி வந்தது அதற்கு முந்தைய வருடம். கல்யாண மண்டபத்தில் ஒரு முகாம் போட்டார்கள். ஜிப்பா போட்ட ஒரு மெலிந்த மனிதர் மேடையேறி, இந்தக் கண்ணாடிக்கு டாக்டரும் வேண்டாம் கடையும் வேண்டாம் என்றார். இரண்டு மெல்லிய தகடு, நடுவில் எண்ணெய். காதோரம் ஒரு சிரிஞ்சு. தெளிவாகத் தெரிகிற வரைக்கும் நீங்களே எண்ணெயை உள்ளே தள்ளுங்கள், திருகை இறுக்குங்கள், சிரிஞ்சைக் கழற்றித் தூரப் போடுங்கள், அவ்வளவுதான். விலை ஒரு பிரியாணிப் பொட்டலம். சும்மா சொல்லக் கூடாது, ஏழைபாழைகளை நினைத்துச் செய்த நல்ல யோசனை. கெங்கம்மாள் போட்டுப் பார்த்துவிட்டு, "ஐய, என் கையி இம்மாம் அழுக்காவா கீது!" என்றாள். மண்டபமே சிரித்தது.

அவளுக்கு அது சிரிப்பு இல்லை. மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் வளையத்தைத் தூக்கிப் போட வேண்டும், அதுதான் அவள் வேலை. நாற்பத்து மூன்று வயதில் விரிசல் தெரியவில்லை. அவள் மேசையில் தேறிப் போன இரண்டு பெட்டி திரும்பி வந்துவிட்டது. புருஷன் சடையப்பன் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனவன், குனிந்து செருப்பு மாட்டவும் முடியாதவன். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் கண்ணால்தான்.

எங்கள் பெண்கள் ஒரு தப்பு செய்தார்கள். நன்றாக இருக்கும் சிரிஞ்சைத் தூரப் போட யாருக்கு மனசு வரும்? பம்ப் ஸ்டவ்வுக்குத் தினம் காற்றடித்துப் பழகிய கை அது. விடிந்ததும் திருகைத் தளர்த்தி, நாலு தரம் அடித்து, மறுபடி இறுக்கினார்கள். அடிக்காவிட்டால் கண்ணாடி அணைந்துவிடும் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். நாற்பது நாளில் அத்தனை கண்ணாடியிலும் எண்ணெய் ஒழுகிப் போயிற்று. மற்றவர்கள் பரண்மேல் எறிந்தார்கள். கெங்கம்மாளால் எறிய முடியவில்லை. போர் தண்ணீர் ஊற்றினாள், உலகமே மஞ்சளாகத் தெரிந்தது. தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்தது. பாக்கெட் தண்ணீரும் உதவவில்லை.

தை பிறந்து நாலாம் நாள் சூப்பர்வைசர் அவள் மேசைக்கு வந்தான். "இன்னாம்மா, கண்ணு தெரிலன்னா ஊட்ல குந்திக்க வேண்டிதான? இன்னொரு பீஸ் ரிட்டன் வந்துச்சி, கேட்டுக்குள்ள வராத." அவள் கக்கூஸ் பக்கம் போய் உட்கார்ந்து, திறந்த கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதது உள்ளே விழுந்தது. போட்டுப் பார்த்தால் எதிர்ச் சுவரில் ஏறுகிற எறும்பின் கால்கள் தெரிந்தன.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். கம்பெனி வேன் வருமுன் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு துக்கத்தை நினைப்பாள். வருகிற தண்ணீரை ஸ்பூனில் பிடித்து, சிரிஞ்சில் இழுத்து, கண்ணாடியில் ஏற்றுவாள். தண்ணீரும் ஒழுகத்தான் செய்தது, ஒன்றிரண்டு நாளில் மறுபடி ஏற்ற வேண்டும். இதில் ஒரு சங்கடம், தீர்ந்த துக்கம் தீர்ந்ததுதான். அப்பா செத்தது ஞாபகம் இருக்கும், வலிக்காது. சிப்காட்டுக்குப் போன ஏரிக்கரை நிலம், கலைந்த கரு, அண்ணன் பேசிய பேச்சு எல்லாம் ஒவ்வொன்றாகக் கரைந்தன. அடுத்த வீட்டு ஞானம்மா பாவப்பட்டு, ஓடிப்போன மகனை நினைத்து ஒரு ஸ்பூன் அழுது கொடுத்தாள். மங்கலாகவே தெரிந்தது. அடுத்தவர் துக்கத்துக்குப் பவர் ஒத்துவரவில்லை. முகாம்காரர்களுக்குக் கடிதம் போட்டதில் இரண்டு பேர் வந்து, போட்டோ எடுத்து, புது மாடல் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வரும், வரும்.

2006 ஆவணியில் மிச்சமிருந்தது ஒன்றுதான். 2001இல் மூன்று நாள் காய்ச்சலில் போன ஒன்பது வயது மகள் மோனிகா. அந்தத் துக்கத்தை மட்டும் கெங்கம்மாள் தொடாமல் வைத்திருந்தாள். வருடா வருடம் மகள் செத்த நாள் வரும்போதுகூட முந்தானையைக் கடித்துக்கொண்டு ஒரு சொட்டு சிந்த மாட்டாள்.

"அத்த தொடாதம்மே. நான் பிச்ச எடுத்தாவது போடறேன்" என்றான் சடையப்பன்.

"எந்திரிச்சி நிக்க முடியாத ஆளு, எங்க போய்யா எடுப்ப?" என்றாள். மறுநாள் காலை மோனிகாவை நினைத்து அழுதாள். என்ன அழுகை! ஸ்பூன் போதாமல் டம்ளரை வைத்தாள்.

அது இரண்டு வருடம் வந்தது. ஒரு வளையம் தப்பவில்லை. ஆயுத பூஜையன்று சிறந்த தொழிலாளி என்று எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். வீட்டில் மகள் பேச்சு வந்தால் வயசு, தேதி, கடைசியாகப் போட்டிருந்த கவுனின் நிறம் எல்லாம் சரியாகச் சொல்வாள், வேன் நம்பரைச் சொல்வதுபோல. சடையப்பனுக்கு அதைக் கேட்கப் பொறுக்காது, வாசலுக்கு நகர்ந்துவிடுவான். படுபாவி விதி, வேறென்ன சொல்ல.

2008 ஆவணியில் மோனிகாவின் துக்கமும் தீர்ந்து கண்ணாடி வற்றியது. வேன் வர அரை மணி நேரம் இருந்தது. அன்று மோனிகா செத்த நாள். சடையப்பன் சுவரில் சாய்ந்து, ஏழு வருடமாக அழுவதுபோல அழுதுகொண்டிருந்தான். கெங்கம்மாள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஸ்பூனை எடுத்து வந்து அவன் கன்னத்தில் வைத்தாள். இரண்டு பேரும் அதே பிள்ளைக்கு அழுத தண்ணீர் என்பதால் பவர் ஒத்துவரும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னுதும் பூட்ச்சின்னா அந்தக் கொயந்திக்கி அழறதுக்கு ஒர்த்தரும் இல்லம்மே."

"தெரியுதுய்யா," என்றாள். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு."

அவன் திரும்பினான். பவர் கச்சிதமாக ஒத்துவந்தது. சடையப்பனின் துக்கம் ஒரு வருடம் ஏழு மாதம் வந்தது.