குழுவின் பெயர்

சட்டமன்றத்திலிருந்து வருவதாக அந்தப் பெண் சொன்னபோது மாமியார் கதவைப் பாதி திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள். ‘விசாரணைக் குழு’ என்ற சொல் காதில் விழுந்ததும் திறந்திருந்த பாதியையும் மூடப் போனாள்.

“விசாரணைன்னு சொல்லித்தான் என் பெரியவனக் கூட்டிட்டுப் போனாங்க. மறுநாள் வண்டியில கொண்டாந்து இறக்கினாங்க. அதுக்கப்புறம் சொந்தக்காரங்க ஒருத்தர்கூட பயந்துகிட்டு எங்கள வந்து விசாரிக்கல. இப்ப நீங்க விசாரிக்க வந்துட்டீங்களாக்கும்.”

உள்ளே அந்தப் பெரியவனின் மனைவி, மருமகள், ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவு வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். எத்தனை முறை கழுவினாலும் வெளுப்புப் பொடியின் நெடி கையைவிட்டுப் போவதில்லை. துண்டோடு வந்து, மாமியாரின் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு, வந்தவளை உட்காரச் சொன்னாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வெயிலில் நடந்து வந்த களைப்போடு இருந்த நடுவயதுக்காரி. குழுப் பிரிவின் அலுவலர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். இரண்டு முறை ஆள் மூலம் அழைப்பாணை அனுப்பியும் இந்த வீட்டில் யாரும் வாங்கிக்கொள்ளாததால் தானே வந்திருக்கிறாள்.

அண்ணன் தம்பி இருவருமே லிப்ட் மெக்கானிக்குகள். ஒரு குடியிருப்பில் பழுது பார்த்துவிட்டு வந்த வாரம் அங்கே ஒரு வீட்டில் நகை காணாமல் போனது. இருவரையும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். அண்ணன் பிணமாக வந்தான். தம்பி இடது காது கேட்காதவனாக வந்தான். நகை அந்த வீட்டுப் பீரோவுக்குப் பின்னாலிருந்தே கிடைத்ததாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். அடுத்த அறையில் நடந்ததைக் கேட்டவன் தம்பி ஒருவன்தான். அவன் அதைப் பற்றி வீட்டில்கூட வாய் திறந்ததில்லை. இப்போதும் சுவரோரம் உட்கார்ந்து, வந்தவளின் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“போலீஸ் விசாரணை வேற, இது வேறம்மா,” என்றாள் அலுவலர். “இது சட்டமன்றம் போட்ட குழு. எல்லாக் கட்சி உறுப்பினரும் இருப்பாங்க. சத்தியப் பிரமாணம் வாங்கிட்டுக் கேப்பாங்க. சஸ்பென்ஷன்ல இருக்கிற அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரையும் கூப்பிட்டிருக்காங்க, அவர் வந்தே ஆகணும்.”

“தண்டனை குடுப்பாங்களா?” என்று கேட்டாள் மருமகள்.

“அந்த அதிகாரம் குழுவுக்குக் கிடையாது. அவையில அறிக்கை வைப்பாங்க. அதுக்கு மேல அரசாங்கம்.”

மருமகள் சுவரோரம் இருந்த கொழுந்தனைப் பார்த்தாள். “இவன் பேசினதுக்கு அப்புறம் இவன் மேல யாராவது கை வச்சா?”

“விசாரணைக் குழு முன்னாடி சாட்சி சொன்னவரத் தொந்தரவு பண்ணினா, அது சபையையே அவமதிச்ச குத்தம். அப்படிச் செய்ய யாருக்கும் தைரியம் வராது.”

அவள் ஏமாற்றுக்காரியாகத் தெரியவில்லை. சொன்னதை நம்பித்தான் சொன்னாள். அவள் போன பிறகு மாமியார் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: “எனக்கு மிச்சம் இருக்கிறது இவன் ஒருத்தன்.” மருமகளுக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த வாரம் முழுக்கக் கொழுந்தனிடம் அவள்தான் பேசினாள். சாப்பாடு போடும்போது பேசினாள், வேலைக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்து பேசினாள். நீ சொல்லாவிட்டால் உன் அண்ணன் போலீஸ் எழுதிவைத்தபடி நெஞ்சுவலியில் செத்தவனாகவே இருந்துவிடுவான் என்றாள். கடைசியில் அவன், “சரி அண்ணி, வரேன்” என்றான். அவளை நிறுத்தச் சொல்வதற்காகத்தான் அப்படிச் சொன்னானோ என்று அவளுக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது.

குழு அறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சுதான் கிடந்தது. ஒரு முனையில் இன்ஸ்பெக்டர் சாதாரண உடையில் உட்கார்ந்திருந்தார். மருமகளும் தம்பியும் மறு முனையில் உட்கார்ந்தார்கள். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பும்போது, “சாப்டீங்களா?” என்று கேட்டார். கல்யாண வீட்டில் கேட்கிற மாதிரி அவ்வளவு இயல்பாகக் கேட்டதில் தம்பி அனிச்சையாகத் தலையாட்டிவிட்டான். பிறகு வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே நீளமான மேசை. ஒலிவாங்கிகளில் சின்னச் சிவப்பு விளக்குகள். தலைவர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். வலது காது மேசைப் பக்கம் இருக்கும்படி உட்காரவா என்று தம்பி கேட்டதும் ஏனென்று கேட்காமல் நாற்காலியை மாற்றிப் போடச் சொன்னார். அவன் பேசத் தொடங்கியபோது குரல் எழவில்லை. எழுந்த பிறகு நிற்கவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான்.

“உங்க அண்ணன் பதில் சொல்ல மறுத்ததா ஸ்டேஷன் தரப்புல சொல்றாங்களே,” என்றார் ஓர் உறுப்பினர்.

“அண்ணன் எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு சார். எடுக்கலைன்னு சொன்னாரு. கேக்கக் கேக்க அதையேதான் சொன்னாரு. இல்லைங்கிறதும் பதில்தானே சார்.”

யாரோ பேனாவை மூடும் சத்தம் கேட்டது. மருமகள் அன்றுதான் தன் கணவனின் கடைசி இரவைக் கேட்டாள். அழுகை வரவில்லை. வெளியே வந்ததும் தம்பி கடையில் நின்று இரண்டு டீ குடித்தான். அந்த ஒரு நாள் அவன் முகம் லேசாக இருந்தது.

மழைக்காலம் முடிந்த பிறகு அறிக்கை வந்துவிட்டதென்று யாரோ சொல்ல, மருமகள் அலுவலரைத் தேடிப் போனாள். அலுவலர் அவளை அறைக்குள் கூப்பிடாமல் மாடிப்படித் திருப்பத்துக்கு அழைத்துப் போனாள்.

“இப்ப அதுக்குப் பேரு ஆய்வுக் குழும்மா.”

“எது?”

“நம்ம குழு. கால அவகாசம் நீட்டிக்கத் தீர்மானம் கொண்டுவந்தாங்க. அதுலயே விசாரணைங்கிற சொல்ல எடுத்துட்டு ஆய்வுன்னு போட்டாங்க. முதல் நாள்லேருந்தே அப்படித்தான்னு வச்சுக்கணுமாம். எல்லாக் கட்சியும் ஒத்துக்கிச்சு.”

“பேருதானே மாறிச்சு மேடம்?”

அலுவலர் கைப்பிடியில் ஒட்டியிருந்த தூசியை விரலால் துடைத்தாள். “விசாரணைக் குழு முன்னாடி சொன்னா சாட்சியம். ஆய்வுக் குழு முன்னாடி சொன்னா கருத்து. உங்க கொழுந்தன் கருத்துத் தெரிவிச்சதா ஒரு வரி இருக்கு. ஸ்டேஷன்கள்ல காத்தோட்டம் வேணும், கேமரா வைக்கணும்னு பரிந்துரை பண்ணியிருக்காங்க.”

“செத்துப்போனவரு?”

“ஒரு சம்பவம்னு இருக்கு.”

கீழே யாரோ கோப்புகளைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு போனார்கள்.

“அவன் மேல கை வச்சா குத்தம்னு சொன்னீங்களே.”

“சாட்சி மேல வச்சா குத்தம்மா.” அலுவலர் தலையைக் குனிந்தபடியே, “இன்ஸ்பெக்டர் சஸ்பென்ஷன் முடிஞ்சு அதே ஸ்டேஷனுக்கு வந்துட்டாரு. தம்பியக் கொஞ்ச நாள் வேற ஊர்ல வைக்க முடியுமான்னு பாருங்க” என்றாள்.

வீட்டில் சொன்னதும் மாமியார் மகனின் துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் மருமகளுக்குக் கொஞ்சம் தாங்கும்படி இருந்திருக்கும். அவன் பையைப் பிடுங்கித் துணிகளைத் திரும்பவும் கொடியில் போட்டான்.

“நான் ஓடினா, சொன்னது பொய்னு ஆயிடும்.”

“எம்மேல கோவமாடா?”

“இல்ல அண்ணி. நீங்க கேட்டீங்க. வேற யாரும் கேக்கல.”

மறுநாள் அவள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவனோடு போனாள். நகரத்தின் மறுபக்கத்தில், அவனுக்கு அன்று லிப்ட் வேலை இருந்த ஓர் உயரமான அலுவலகக் கட்டடம். கூட எதற்கு வருகிறீர்கள் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில், காவலாளி தந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் கருவிப் பையோடு லிப்டுக்குள் போய் இவளைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினான். கதவு மூடியது.

கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாக மாறின. இரண்டு, மூன்று, நான்கு. தெருவிலிருந்து, போலீஸ்காரர்களைப் போல முடியை ஒட்ட வெட்டிய ஒருவன் உள்ளே வந்து, பொத்தானை அழுத்திவிட்டு அவள் பக்கத்தில் நின்றான். அவனும் அண்ணாந்து எண்களைப் பார்த்தான். ஒன்பதில் நின்ற எண் அப்படியே நின்றது. வந்தவன் மீண்டும் ஒரு முறை பொத்தானை அழுத்தினான்.