பச்சை மரத்தூள்

விடிவதற்குள் மரத்தூளைச் சாயத்தில் போட்டு எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தகரக் கொட்டகைக்குள் நிற்க முடியாது. தூளும் திட்டுத் திட்டாகக் காய்ந்துபோகும். பல்கலைக்கழகத் தச்சுப் பட்டறையில் அவன் முழங்கை வரை பச்சையாக நின்றுகொண்டிருந்தான். அண்டாவில் ஊறிய தூளைப் பிழிந்து, பழைய கதவு ஒன்றின் மேல் பரப்பி, கட்டி விழாமல் விரலால் உதிர்த்தான். இருமினால் எச்சிலிலும் பச்சை வந்தது.

வளாகம் முழுக்க அவனை ரம்பம் என்றுதான் கூப்பிடும். தச்சன் என்பதற்காக வைத்த பெயர் இல்லை. வாயைத் திறந்தால் மூடமாட்டான். கீல் மாட்டப் போன இடத்தில் அந்தக் கதவின் பூர்வீகத்தையே சொல்லி முடிப்பான். அவன் வருவதைப் பார்த்தாலே பேராசிரியர்களுக்கு வகுப்பு ஞாபகம் வந்துவிடும். அவன் மனைவியின் அண்ணன் பிளம்பர். அவருக்கு எங்கோ குழாய் உடைந்துவிடும்.

இப்போது அவன் பேச்செல்லாம் மாதிரியைப் பற்றித்தான். பல்கலைக்கழகத்துக்குப் பெருந்திட்டம் ஒன்று தயாராகியிருந்தது. இனி எந்தக் கட்டடம் எங்கே வரும், எந்தச் சாலை எங்கே போகும் என்று வரைந்து முடித்துவிட்டார்கள். அதைச் சின்ன உருவில் மரத்தில் செய்து, திட்டத்தை அறிவிக்கும் விழாவன்று மண்டபத்தில் வைக்க வேண்டும். வெளியே கொடுத்தால் செலவு என்று பட்டறை ஆட்கள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். வரைபடம் முழுதாக வரவில்லை. சதுரம் சதுரமாக வெட்டி ஆளுக்குச் சில துண்டுகள் வந்தன. அதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை, ஏனென்றால் பட்டறையின் வழக்கமே அதுதான். ஒருவன் மேசைக்குக் கால் செய்வான், இன்னொருவன் பலகை இழைப்பான், கடைசியில்தான் சேர்த்துப் பார்ப்பார்கள். தன் துண்டைச் செய்கிறவன் அடுத்த துண்டைப் பற்றிக் கேட்பதில்லை.

ரம்பத்துக்கு வந்த துண்டு ஒன்றில் ‘பசுமைப் பரப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தது. பசை தடவி, தூளைத் தூவி, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்தான். கட்டட அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, “நிஜப் புல்லே தோத்துடும் போ,” என்றார். அந்த ஒரு வார்த்தையை அவன் தெருவில் ஒரு வாரம் ஓட்டினான்.

துண்டுகளையெல்லாம் சேர்த்த நாளில், விடுதிச் சமையலறையில் வேலை பார்க்கும் அவன் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். மாதிரியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நம்ம வீடு எங்க?”

“இதெல்லாம் ஒரு கேள்வியா?” அவன் குச்சியை எடுத்தான். “இதோ வாசல். இது நூலகம். இது தண்ணித் தொட்டி. அதத் தாண்டினா உங்க சமையல்கட்டுப் புகைபோக்கி. அதத் தாண்டினா...”

குச்சி நின்றது. புகைபோக்கிக்குப் பின்னால் அவர்கள் தெரு இருக்க வேண்டும். ஒட்டி ஒட்டி நிற்கும் ஓட்டு வீடுகள், கொடிக்கயிறுகள், சண்டைக்கும் சமாதானத்துக்கும் பொதுவான குழாயடி. அந்த இடத்தில் புல் இருந்தது.

“இது நீங்க ஒட்டினதுதானேங்க?” என்று கேட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அந்தத் தெருவின் கதைதான் பல்கலைக்கழகத்தின் கதை. கல்வெட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான். வெறும் பொட்டலில் முதல் கட்டடம் எழுந்தபோது, கல் சுமக்க வந்தவர்களுக்கு வாசலருகே கொட்டகை போட்டார்கள். தற்காலிகம் என்றார்கள். நூலகம் வந்ததும் கொட்டகை கண்ணை உறுத்தியது, பின்னால் தள்ளினார்கள். ஆய்வுக்கூடங்கள் வந்தன, இன்னும் பின்னால் தள்ளினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு திட்டம், ஒவ்வொரு தடவையும் ‘இதுதான் கடைசி’ என்றொரு வாக்கு. கல் சுமந்தவர்களின் பிள்ளைகள் அங்கேயே குழாய் மாட்டினார்கள், அடுப்பு மூட்டினார்கள், கதவு செய்தார்கள். இப்போது அவர்கள் முதுகுக்குப் பின்னால் மதில்சுவர் இருக்கிறது. தள்ள இடமில்லாததால் துடைத்துவிட முடிவு செய்திருந்தார்கள். படித்தவர்கள் அதற்கு நல்ல பெயராகப் பசுமை என்று வைத்திருந்தார்கள்.

மறுநாள் ரம்பமும் மனைவியும் பிளம்பரும் அதிகாரியின் அறைக்குப் போனார்கள்.

“சார், மாதிரியில எங்க தெருவக் காணோம்,” என்றான் ரம்பம்.

அதிகாரி நிமிரவில்லை. “அது தற்காலிகக் குடியிருப்புப்பா.”

“எங்கம்மா வந்தப்பவும் அதத்தான் சொன்னாங்க சார். நான் பொறந்தது, எனக்குக் கல்யாணம் ஆனது, எங்கம்மா செத்தது எல்லாமே அந்தத் தற்காலிகத்துலதான்.”

“நடுத்தெருவுலயா விட்டுடுவோம்? நகரத்துக்கு வெளிய இடம் பாத்திருக்கு. பின்னாடி பஸ் விடுவாங்க.”

அவள் குறுக்கிட்டாள். “விடியறதுக்கு முன்னாடி விடுதியில அடுப்பு எரியணும் சார். அந்நேரத்துக்கு எந்த பஸ் வரும்?”

“முடியலன்னா வேற வேலை பாத்துக்கம்மா. யாரும் கையப் பிடிச்சு இழுக்கல.”

“எங்கள ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா சார்?” என்றான் ரம்பம்.

அதிகாரி இப்போதுதான் நிமிர்ந்தார். லேசாகச் சிரித்தார். “அந்தப் புல்ல ஒட்டினது நீதானே? ஒட்டும்போது நீ கேட்டிருக்கலாமே.”

ரம்பத்துக்கு வாய் அடைத்துப்போனது. அவனுக்கு வாய் அடைத்து அன்றுதான் உலகம் பார்த்தது.

வெளியே வந்ததும் பிளம்பர் அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். “தெரிஞ்சேதான் ஒட்டினியா மாப்ளே?”

பதில் வரும் வரை நிற்கவில்லை. அந்தக் கேள்வி அவனுக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. முன்பெல்லாம் அவன் பேச்சுக்குப் பயந்து ஓடினார்கள். இப்போது அவன் பேசவே இல்லை. ஆனாலும் குழாயடியில் அவன் வந்து நின்றால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வீடு போகப்போகிறது என்ற வலியைவிட இது அவனை அதிகமாக அரித்தது. வீடு போனாலும் மனிதர்கள் இருப்பார்கள் என்று நினைத்திருந்தான்.

விழாவுக்கு முந்தைய மாலை உளியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். புல்லின் மேல் உளியை வைத்தபோது பின்னாலேயே வந்த மனைவி கையைப் பிடித்தாள்.

“சுரண்டினா என்ன ஆகும்? இன்னொருத்தனை விட்டு ஒட்டுவாங்க. உங்கள வெளிய அனுப்புவாங்க. அவங்களுக்கு இன்னும் சௌகரியம்.”

“வேற என்ன பண்ணச் சொல்ற? இந்தக் கைய வெட்டிப் போடவா?”

“இத நாளைக்கு மண்டபத்துக்கு யாரு தூக்கிட்டுப் போறது?”

வண்டியில் ஏற்றினால் குலுங்கிப் பிரிந்துவிடும் என்று, தெருக்காரர்களையே தோள் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. தெருவின் கடைக்கோடியில் இருந்த பட்டறையிலிருந்து மண்டபத்துக்கு அவர்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். அவன் உளியைக் கீழே வைத்தான்.

அவள் அவனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நின்றவர்கள் குடத்தைத் தூக்குவதற்குள் தன் அண்ணனை மடக்கினாள்.

“அண்ணே, தெரிஞ்சு ஒட்டியிருந்தா இந்தாளு அந்தப் புல்லப் பத்தி ஒரு வாரம் உன் உசுர எடுத்திருப்பாரா? ரகசியம் காக்கற வாயா இது? நீயே சொல்லு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிளம்பர் சிரிக்கவில்லை. குனிந்து, வழிந்துகொண்டிருந்த குழாயை மூடினார்.

“போன மாசம் நம்ம வீடுங்களுக்குப் பின்னாடி பள்ளம் தோண்டிக் குழாய் பதிச்சேன்,” என்றார். “எதுக்குன்னு கேக்கல. இப்பத்தான் புரியுது, இந்தப் புல்லுக்குத் தண்ணி விடத்தான். நானும் என் துண்ட மட்டும்தான் பாத்திருக்கேன் மாப்ளே.”

அதற்குப் பிறகு பேசியதெல்லாம் நாளைக்கு என்ன செய்வது என்பதைப் பற்றித்தான்.

காலையில் மாதிரியைத் தோளில் ஏற்றினார்கள். பலகையின் விளிம்பு தோள்பட்டையை அறுத்தது. புதிய பல்கலைக்கழகம் முழுவதும், அதன் கோபுரங்களும் சாலைகளும், பழைய ஆட்களின் கழுத்தெலும்பின் மேல் ஊர்ந்து வந்தது. பக்கத்தில் நடந்த அதிகாரி, “பாத்து, பாத்து,” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தெருவின் நடுவில், குழாயடிக்கு நேராக வந்தபோது பிளம்பர், “இறக்கு,” என்றார். எல்லாரும் மெதுவாக, ஒரு மரம்கூடச் சாயாமல் கீழே இறக்கினார்கள். பிறகு அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். விடுதியில் மதிய அடுப்பு மூட்ட வேண்டிய பெண்களும் அங்கேதான் இருந்தார்கள்.

“என்ன இது? தூக்குங்க. எல்லாரும் மண்டபத்துல காத்திருக்காங்க.”

“இங்க வந்து பாக்கச் சொல்லுங்க சார்,” என்றாள் ரம்பத்தின் மனைவி. “அந்தப் புல்லு வரப்போற இடம் இதுதானே.”

“உங்க வேலை போயிடும். தெரியுதா? ஒருத்தர் விடாம எல்லாருக்கும் போயிடும்.”

“எல்லாருக்கும்னா சரி சார். தனித்தனியாப் போனாத்தான் கஷ்டம்,” என்றார் பிளம்பர்.

அதிகாரி, கூட வந்திருந்த வாயில் காவலரைக் கை தட்டிக் கூப்பிட்டார். அவர் வந்தார். மாதிரியைப் பார்த்தார், தன் வீட்டுக் கதவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்தார்.

அதிகாரி தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார். ‘போலீஸ்’ என்ற சொல் இரண்டு முறை காதில் விழுந்தது. என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. குழாயடியில் ஒரு குழந்தை மட்டும் தண்ணீரைத் தட்டி விளையாடியது.

“சும்மா உக்காந்தா நேரம் போகாது மாப்ளே,” என்றார் பிளம்பர். “ஏதாவது பேசு.”

ரம்பம் தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில் இன்னும் பச்சை போகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“எங்கம்மா முதல் கல்லத் தலையில வெச்சப்ப, அங்க நூலகமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது,” என்று ஆரம்பித்தான்.

அவன் வெகுநேரம் பேசினான். ஒருவரும் எழுந்து போகவில்லை.