செவலைக்குக் கொடுத்த மாத்திரை

மத்திக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு அப்படியே கிடந்தது. மத்தி வாசம் வந்தால் அடுப்படி வாசலை விட்டு நகராத செவலை, விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்து, வாயோரம் மஞ்சள் நுரையோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. விலாவில் தையல் போட்ட இடம் வீக்கம் வடிந்து நன்றாகத்தான் இருந்தது. புண் ஆறுகிற நேரத்தில் நாய் சாகப் போகிறதா என்று பயந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நானும் என் வீட்டுக்காரர் தங்கபாண்டியும் வேலை பார்க்கிற ஏலத் தோட்டம் போடிமெட்டுக்கு மேலே இருக்கிறது. கூப்பிட்ட குரலுக்கு வர அக்கம்பக்கம் கிடையாது. போன வாரம் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது, செடி மறைவிலிருந்து காட்டுப்பன்றி ஒன்று என்னைப் பார்த்து ஓடிவந்தது. எனக்கு ஓடக்கூடத் தோன்றவில்லை, குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மரம்போல நின்றேன். செவலைதான் குறுக்கே பாய்ந்தது. என் தொடையைக் கிழித்திருக்க வேண்டிய கோரைப்பல் அதன் விலாவைக் கிழித்தது. அந்த நாய்க்கு நான் ஒரு உயிர் கடன்பட்டவள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போடியில் கால்நடை டாக்டர் அருள்மொழி, புண்ணைக் கழுவித் தைத்து, நாயை எடை போட்டு, அந்த எடைக்குத் தகுந்த மாத்திரை கொடுத்தார். காலையும் சாயங்காலமும் சோற்றோடு ஒன்று. வீட்டில் கிடக்கிற மனித மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் உடனே போன் செய்ய வேண்டும். நான் ஒவ்வொன்றுக்கும் ‘சரிங்கம்மா’ என்றேன். வீட்டுக்காரர் நாயின் காதைச் சொறிந்தபடி, இதெல்லாம் தெரியாதா என்பதுபோல நின்றார். தோட்டத்தில் செடிகளுக்கு மருந்தடிப்பவர் அவர்தான். மருந்து என்று வந்துவிட்டால் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு. நான் காய் எடுக்கப் போய்விடுவதால் மாத்திரைப் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார். நானும் நம்பி விட்டுவிட்டேன்.

இப்போது மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். முக்கால்வாசி காலி.

“என்னங்க, அதுக்குள்ள எப்பிடித் தீந்துச்சு?”

“முழுங்குன செத்த நேரத்துல கக்கிருது. கக்குனா மறுபடி ஒண்ணு குடுப்பேன். அதையும் கக்குனா இன்னொண்ணு.”

“டாக்டரம்மா போன் பண்ணச் சொன்னாகள்ல?”

“இதுக்கு எதுக்குடி போனு? மருந்தடிச்ச கையோட மழை பெஞ்சா மறுபடி அடிக்கிறதில்லையா? கழுவிட்டுப் போயிருச்சுல்ல?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த அகப்பையை எறிந்திருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கை வரவில்லை. பாவி மனிதர் அசட்டையாக இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, நாயின் வாயைப் பிளந்து தொண்டை வரைக்கும் மாத்திரையைத் தள்ளி, அது விழுங்கும் மட்டும் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அக்கறையில்தான் அத்தனையும் செய்திருக்கிறார்.

ரோட்டு வளைவுக்குப் போனால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். ஓடினேன். “இனி ஒண்ணுகூடக் குடுக்காதீங்க. வெரசாக் கூட்டிட்டு வாங்க” என்றார் டாக்டர். மலை இறங்கிக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரிந்த டிரைவர் சிக்கந்தரின் ஜீப்பை மறித்தேன். ஏலக்காய் லோடு. ஆனாலும் செவலைக்கு உடம்பு சரியில்லை என்றதும், “ஏறுங்கக்கா” என்று மூட்டைகளை ஒதுக்கினார். வீட்டுக்காரர் செவலையைத் தூக்கிவந்து மடியில் போட்டுக்கொண்டார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அதன் தலை சரிந்தது. அவர் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டார்.

டாக்டர் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். பிறகுதான் என் வீட்டுக்காரரிடம் பேசினார்.

“கக்குனதோட மாத்திரை பூராம் வெளிய வந்துருச்சுன்னு நீங்களா எப்பிடி முடிவு பண்ணீங்க? பாதி உள்ள போயிருக்கும். அதுக்கு மேல மேல குடுத்தா வயிறு என்னத்துக்கு ஆகும்?”

“செடிக்கு அப்பிடித்தாம்மா செய்வோம்.”

“செடி வாந்தி எடுக்காதுண்ணே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் அதைக் கவனித்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார். “பொழைச்சுக்கும். மருந்த மாத்தித் தர்றேன். நெறையக் குடுக்கிறதும் தப்பு, புண்ணு காஞ்சிருச்சேன்னு பாதியில நிப்பாட்டுறதும் தப்பு. நிப்பாட்டுனா மிச்சமிருக்க கிருமி மருந்துக்குப் பழகிரும். அப்புறம் அடுத்த தடவ இது கேக்காது.”

மறுநாள் வீட்டில் செவலை எழுந்து தண்ணீர் குடித்தது. கஞ்சியையும் நக்கியது. இனிப் பயமில்லை என்று மனசு லேசானது. வீட்டுக்காரர் சோற்றுக்குள் மாத்திரையை வைத்து உருட்டி, “வாடா அப்பு” என்று கையை நீட்டினார். செவலை அந்தக் கையைப் பார்த்தது. வாயை இறுக மூடிக்கொண்டு, வாலை இடுக்கி, கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. அது குட்டியாக இருந்தபோது தன் சட்டைக்குள் வைத்து மலையேற்றிக் கொண்டுவந்தவர் அவர். அவர் கைச் சோறு என்றால் அதற்கு உயிர். உருண்டையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். நான் நீட்டியதும் தின்றது. எனக்கு அது ஒரு சந்தோஷமாகவே இல்லை.

அன்றிலிருந்து சோறு பிசைவது அவர், கொடுப்பது நான். முள் எடுத்து, மாத்திரை தெரியாமல் உருட்டித் தட்டை என்னிடம் நீட்டிவிட்டு, கண்ணில் படக் கூடாதென்று வீட்டுக்குப் பின்னால் போய்விடுவார். இன்று சாயங்காலமும் அப்படித்தான் போனார். செவலை விழுங்கி முடித்து என் விரல்களை நக்கியது. வழக்கம்போல் போய்ப் படுக்கவில்லை. சுவர் முனையில் அவர் தலைத்துண்டின் நுனி தெரிந்தது. நாய் அந்தப் பக்கம் திரும்பி நின்று, ஒரு முன்னங்காலை லேசாகத் தூக்கியபடி, இரண்டு காதையும் விறைத்துக்கொண்டு பார்த்தது. வாலை இடுக்கவில்லை.