தெம்பா ஃபொஃபானா சத்தம் போட்ட நாள்

1

இந்தக் கதையை எழுத வேண்டாம் என்று தெம்பா ஃபொஃபானா கேட்டுக்கொண்டார். எழுது என்றாள் ஞாலே சுமானோ. இருவரும் மாலி நாட்டின் காயெஸ் நகரில் என் தெருக்காரர்கள். அவள் பேச்சைக் கேட்டேன். அவள் வீட்டில் சாப்பிட்டதுதான் அதிகம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆற்றின் மேல் பறக்கும் பறவையைப் போல அவள் குரல்—"

அடித்துவிட்டேன். சந்தையில் ஆட்டு வியாபாரிகளையே வாயடைக்க வைத்த குரல் அது.

2

ஞாலே ஜெலி என்னும் பாணர் குலத்தவள். ஃபொஃபானாக்களின் முன்னோர் பெயர்களைப் பாடுவதும், வீட்டுப் பெரியவர் தெம்பா மெல்லச் சொல்வதைச் சபைக்கு உரக்கச் சொல்வதும் அவள் தொழில். (பெரியவர் தானே கத்தினால் குடும்பத்துக்கே மானக்கேடு.) பமாக்கோ வானொலி, கேசட்டுகள், பாரிஸ் கச்சேரி எல்லாம் பார்த்தவள். போன மழைக்காலத்தில் தொண்டையில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது. குரல் போய், மூச்சுக்காற்று மிஞ்சியது.

3

அதன்பின் வந்த முதல் சடங்கு, தெம்பாவின் பேத்திக்குப் பெயர் சூட்டும் காலை. தெம்பா வழக்கம்போல் ஞாலேயின் காதில் பெயரைச் சொன்னார். அவள் எழுந்து வாய் திறந்தாள். காற்று வந்தது.

"என்ன ஜெலி, பயறு தின்னு தின்னு தொண்டை அடைச்சிருச்சா?" என்றார் சேகு. அவர் கேலி உறவுக்காரர்; 'பயறு தின்னி' என்று சீண்டுவது எங்கள் ஊரில் அந்த உறவின் உரிமை. யாரும் சிரிக்காததால் அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாலே உட்காரவில்லை. அந்தக் காற்றிலேயே முன்னோர் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். பக்கத்திலிருந்த தெம்பாவுக்கு மட்டும்தான் கேட்டது.

[இங்கே அவர் மனத்தில் ஓடியதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எனக்கெப்படித் தெரியும்? எடுத்துவிட்டேன்.]

தெம்பா எழுந்தார். அவள் சொன்ன ஒவ்வொரு பெயரையும் சபைக்குக் கேட்கும்படி கத்தினார். பழகாத தொண்டை நடுவில் கீச்சிட்டது. அவர் தம்பி எழுந்து வெளியே போய்விட்டார். கடைசியாகக் குழந்தையின் பெயர்: "ஹவா!"

4

இதோடு நிறுத்தியிருந்தால் அழகான கதை. ஆனால் மறுநாள் தெம்பா அவள் முற்றத்துக்கு வந்தார். நான் அங்கே கடலைக்குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"உன் மானத்தைக் காப்பாத்தத்தான் ஞாலே..."

"அதுக்கு உங்க மானத்தை வித்துட்டீங்களே," என்றாள், மூச்சாக. "எங்கப்பா உங்கப்பாவை ஒருநாளும் கத்த விட்டதில்ல. நான் விட்டுட்டேன்."

"ஊர் என்ன பேசினா என்ன?"

"ஊர் பேசினா பரவாயில்லன்னா, அப்புறம் ஜெலி எதுக்கு?"

தெம்பா செருப்பை மாட்டிக்கொண்டார்.

5

அன்று மாலை ஞாலே, கனிபா வீட்டுக்குப் போனாள். கனிபாவும் பாடகி. பழைய போட்டி, பேச்சுவார்த்தை கிடையாது.*

"கடைசியில என் கதவைத் தட்ட வேண்டி வந்துச்சா உனக்கு?"

"தட்டிட்டேன். திறக்கிறியா, இல்ல இப்படியே நிக்கட்டுமா?"

கதவு திறந்தது.

* போட்டிக்குக் காரணம் என்னவென்று இருவரிடமும் கேட்டேன். இரண்டு வேறு கதைகள் கிடைத்தன. இரண்டிலும் நல்லவள் சொன்னவள்தான்.

6

வரும் ஞாயிற்றுக்கிழமை தெம்பாவின் மகனுக்குக் கல்யாணம். ஞாலே மெல்லச் சொல்ல, கனிபா பாட வேண்டும். இன்று வியாழன். ஞாலே சொன்னதைச் சொன்னபடி கனிபா பாடுவாளா, தன் பெயரையும் நடுவில் செருகிக்கொள்வாளா, தெரியாது. முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இருவரும் கட்டித் தழுவி— சே. இன்னொன்றில் ஞாலே பாதியில் எழுந்து போகிறாள். ஞாலேக்கு வாசித்துக் காட்டினேன்.

"நடக்குறதுக்கு முன்னாடியே பாடுறவன் மோசமான ஜெலி," என்றாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமையை உங்களிடம் விடுகிறேன். கனிபாவை எப்படி வேண்டுமானாலும் பாட வையுங்கள். தெம்பாவைச் சிரிக்க வையுங்கள், அழ வையுங்கள். ஞாலேக்கு மட்டும் குரலைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.