கையை எடுத்தால் போகும் குரல்

காலியான மாத்திரை டப்பாவின் மேல் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான் ரேடியோ மெக்கானிக். எண்ணிக்கை தவறிவிடக் கூடாதென்று உதடு அசைந்துகொண்டே இருந்தது. பின்னால் கட்டிலில் அம்மா. பொழுது சாயும்வரை தாங்கினால் பெரிது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் நர்ஸ். அக்கா வானொலியில் செய்தி வாசிப்பவள். மத்தியானம் இரண்டு மணிச் செய்தியை முடித்துவிட்டுக் கிளம்பினாலும் விடிந்துதான் வந்து சேருவாள்.

"போன் போட்டுத் தரேம்மா, பேசு."

"வேணாம்டா. போன்ல அழுவா. ரேடியோவுல அழ முடியாதுல்ல?"

வீட்டு ரேடியோவில் காயில் என்கிற கம்பிச்சுருள் அறுந்து மாதக்கணக்காயிற்று. கடை வைத்து ஊருக்கெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன், இதை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தான். இப்போது அக்காவின் நிலையம் மட்டும் கிடைத்தால் போதும். அதற்குக் காயிலும், அதனோடு சேர்ந்து நிலையத்தைப் பிடிக்கும் கெப்பாசிட்டரும் பொருந்திவர வேண்டும். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்ட வேண்டும். குரல் கணீரென்று கேட்கட்டும் என்று சின்ன கெப்பாசிட்டரைப் போட்டு, சுற்றுகளைக் கூட்டினான்.

இரண்டு அடித்தபோது சுற்றுகளை விரலால் நெருக்கிக்கொண்டிருந்தான். அக்காவின் குரல் வந்தது. கையை எடுத்தான், போய்விட்டது. மறுபடி வைத்தான், வந்தது. கெப்பாசிட்டர் அவ்வளவு சின்னதாக இருந்தால் பக்கத்திலிருக்கும் கையும் இன்னொரு கெப்பாசிட்டர்போல் கணக்கில் சேர்ந்துகொள்ளும். கற்றுக்குட்டி செய்கிற தப்பு.

"ஒரு நிமிஷம்மா, பிரிச்சு மாத்திடறேன்."

"அதுக்குள்ள செய்தி முடிஞ்சிடும். கையை எடுக்காத. நீயும் கடைக்கு ஓடாம ஒரு இடத்துல உட்காருவ."

அம்மா அவனுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கட்டிலருகே அவன் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் உட்கார்ந்ததில்லை. கணக்கு மட்டும் சரியாக வந்திருந்தால் இந்நேரம் கடைக்குக் கிளம்பியிருப்பான். கணக்கு தப்பியதே நல்லதாகப் போயிற்று.

"வார்த்தையை முழுங்காம வாசிக்கிறா பாரு," என்றாள் அம்மா. "சின்ன வயசுல சோத்தைக்கூட முழுங்க மாட்டா."

இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில், அவன் கையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

"அம்மா."

மூச்சு நின்றிருந்தது.

அக்கா நாளைய வானிலைக்கு வந்திருந்தாள். எங்கெங்கே மழை பெய்யும் என்று நிதானமாக வாசித்தாள். அவள் முடிக்கும்வரை அவன் இரண்டு கைகளில் எதையும் எடுக்கவில்லை.