வெர்லின் வயலில் ஒரு கறுப்புப் பட்டை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மார்லிஸ் வீட்டுச் சமையலறை மேசையில். அவர் பூசணிக் கேக் வைத்து அனுப்பிய தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அமெரிக்காவில் எங்கள் அயோவா பக்கத்தில் தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது. நான் வெள்ளரி ஊறுகாய் வைத்துக் கொடுத்தேன், அவர் கதையைக் கொடுத்தார். கேட்க ஐந்து நிமிடம்தான் ஆனது. எழுத உட்கார்ந்தால் முதல் வாக்கியமே நகரவில்லை.

2

முதல் தொடக்கம்: "மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் பழைய வேரையும் காய்ந்த சோளத் தட்டையையும் தின்று நம்மைப் போலவே மூச்சு விடுகின்றன. ஆழ உழுதால் காற்று உள்ளே புகுந்து அவற்றுக்குக் கல்யாணச் சாப்பாடு ஆகிவிடும். மண்ணில் தங்கியிருந்த கரியெல்லாம் கரியமில வாயுவாக—"

பாடப்புத்தகம். நிறுத்திவிட்டேன். (அழிக்கவில்லை. பின்னால் தேவைப்படும்.)

இரண்டாவது: "அக்டோபரின் பொன்னொளியில் மக்காச்சோள வயல்கள்—"

அன்று மேகமூட்டம்.

மூன்றாவது: "வெர்லின் ஏணியிலிருந்து விழுந்தார்."

இது போதும்.

3

வெர்லின் மார்லிஸின் கணவர். தானியக் களஞ்சியத்து ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, நகரத்து மருத்துவமனையில் கிடந்தார். சோளமோ அறுவடைக்கு நின்றது. எங்கள் ஊரில் யாரும் உதவி கேட்பதில்லை. கேட்கட்டும் என்று யாரும் காத்திருப்பதும் இல்லை. சனிக்கிழமை காலை அக்கம்பக்கத்தார் அறுவடை எந்திரங்களோடு வந்து நின்றார்கள். மதியத்துக்குள் சோளம் களஞ்சியம் ஏறிவிட்டது. மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாண்ட்விச் அடுக்கினார்.

அதோடு முடிந்திருந்தால் இது செய்தித்தாளில் ஒரு படம், அவ்வளவுதான். ஆனால் மார்லிஸ் சன்னல் வழியே பார்த்தபோது, உதவிக்கு வந்தவர்களில் ஒருவரான ஹார்லன் தன் டிராக்டரின் பின்னால் பெரிய கலப்பையை இறக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வயலை வெர்லின் பதினோரு வருடமாக உழவில்லை. அறுத்தபின் நிற்கும் சோளத் தட்டையை அப்படியே விட்டு, அதன் நடுவிலேயே விதைப்பார். காபிக்கடையில் இதற்காக அவர் வாங்காத கேலி இல்லை. தன் வயலுக்குத் தலை சீவிவிடத் தெரியாதவர் என்று பேர். பல்கலைக்கழகத்திலிருந்து டெலேனி என்ற பெண் வந்து, மண்ணில் வளையங்களைப் பதித்து, அது விடும் மூச்சை அளந்துகொண்டு போவாள். ஆம்புலன்சில் ஏற்றும்போதுகூட வெர்லின் இடுப்பைப் பற்றிப் பேசவில்லை. "வயல யாரும் கிண்டாம பாத்துக்கோ" என்றாராம்.

4

ஹார்லனை எப்படி எழுதுவது என்று எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவரை வில்லனாக்கியிருந்தேன். வெர்லின் மேல் பொறாமை, கோணல் சிரிப்பு, இன்னும் என்னென்னவோ. எல்லாம் பொய். தன் சோளம் அறுக்காமல் நிற்கும்போது இங்கே வந்த மனிதர் அவர். கருகருவென்று உழுது போட்ட நிலம்தான் நல்ல விவசாயியின் முகம் என்று நம்புகிறவர். நண்பன் படுத்துக் கிடக்கிற நேரத்தில் அவன் வயல் பரட்டையாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

அன்பாய்ச் செய்கிறவரை எப்படி நிறுத்துவது? எங்கள் ஊரில் 'வேண்டாம்' என்றால் 'இன்னும் இரண்டு தடவை வற்புறுத்து' என்று பொருள். மார்லிஸ் வேலியோரம் நின்று, வேண்டாம், எதற்கு வீண் சிரமம் என்று கூவினார். ஹார்லன் கையசைத்து, சிரமமே இல்லை என்று கூவிவிட்டு, இன்னும் வேகமாக ஓட்டினார். மறுபடி கூவினார் மார்லிஸ். டிராக்டர் இன்னும் வேகம் பிடித்தது.

5

மார்லிஸ் காபிக் கெட்டிலை எடுத்துக்கொண்டு தட்டைகளுக்குள் நடந்துபோய் டிராக்டருக்கு முன்னால் நின்றார். காபியைத் தாண்டி ஓட்டிப் போகிறவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஹார்லன் இறங்கினார். கோப்பை அவர் கைக்குப் போனபிறகுதான் மார்லிஸ் வாயைத் திறந்தார்.

"ஹார்லன், நான் நெசமாவே வேண்டாங்கறேன்."

அவர் திரும்பித் தான் உழுத கறுப்புப் பட்டையைப் பார்த்தார். வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது.

"முதல்லயே சொல்லிருக்கலாமே மார்லிஸ்."

"ரெண்டு தடவ சொன்னேன்."

"அது நாம எப்பவும் சொல்றதுதானே."

அந்த நேரத்தில்தான் டெலேனியின் வண்டி வந்தது. பெண் அழுதுவிடுவாள் என்று மார்லிஸ் பயந்தார். அவளோ வண்டிக்குள் தலையை விட்டு, இருந்த வளையங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு பட்டை உழுது தாருங்கள் என்று மூன்று வருடமாகக் கெஞ்சியும் வெர்லின் மசியவில்லையாம்.

தட்டைக்குள் ஒரு வளையம், கறுப்பு மண்ணில் ஒரு வளையம். இரண்டுக்கும் மூடி. ஊர்க்காரர்கள் சாண்ட்விச்சும் கையுமாகப் பந்தயம் பார்க்கிறவர்களைப் போல மூச்சை அளக்கும் கருவியைச் சூழ்ந்தார்கள். உழாத மண்ணின் எண் எறும்பாய் ஊர்ந்தது. உழுத மண்ணின் எண் படியேறி ஓடியது.

"அப்ப என் நெலமும் வருசா வருசம் இப்படித்தான் ஊதுதா?" என்றார் ஹார்லன்.

"உன் வாய் அளவுக்கு இல்லப்பா" என்றார் பக்கத்துப் பண்ணை ஆர்வின்.

(உழுத உடனே கிளம்பும் மூச்சு ஒரு மதியத்துக் கூத்துதான், முழு வருடத்தின் நிலவரம் மழை, வெயில், மண்வாகு எல்லாம் சேர்ந்தது என்று டெலேனி திரும்பத் திரும்பச் சொன்னாளாம். ஒருவரும் காதில் வாங்கவில்லை. நானாவது எழுதி வைக்கிறேன்.)

6

மார்லிஸின் கோட்டுப் பையில் தொலைபேசி அடித்தது. மருத்துவமனையிலிருந்து வெர்லின், சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும் குரலில்.

அறுத்தாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றார் மார்லிஸ்.

"வயல யாரும் கிண்டிடலையே?"

மென்றுகொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றன.

முடிவு அ: "இல்லை" என்கிறார் மார்லிஸ். பனி விழுந்து மூடிவிடுகிறது. (வசந்தத்தில் பனி உருகுமே.)

முடிவு ஆ: டெலேனி தொலைபேசியை வாங்கி, இது ஆராய்ச்சிக்கு எவ்வளவு நல்லது என்று— (இடுப்பு உடைந்தவரிடமா?)

நடந்தது வேறு. ஹார்லன் கையை நீட்டினார். "இங்க குடு." வாங்கிக்கொண்டு அந்தக் கறுப்புப் பட்டையிலேயே அடுத்த கோடிவரை நடந்துபோய், முதுகைக் காட்டி நின்று பேசினார். இங்கிருந்தவர்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றியது மட்டும் தெரிந்ததாம். பிறகு நானே ஹார்லனிடம் கேட்டேன். வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டோம் என்றார்.

ஆக, என்னிடம் முடிவு இல்லை. இருப்பது இவ்வளவுதான். "போறப்ப ஹார்லன் வயலப் பாரு" என்று மார்லிஸ் சொல்லியனுப்பினார். பார்த்தேன். வேலிவரை கருகருவென்று உழவு. நட்டநடுவே, கோடிக்குக் கோடி, ஒரு கலப்பை அகலத்துக்குத் தட்டை நின்றுகொண்டிருந்தது, சீவாத தலைமுடிபோல. வெர்லினை வீட்டுக்கு அழைத்துவந்த அன்று, அந்த இடத்தில் அவர் காரை நிறுத்தச் சொல்லி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம்.

ஹார்லன் தொலைபேசியில் சொன்னார்: "                                        "

நடுவில் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். எது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டையை மட்டும் உழுதுவிடாதீர்கள். நெசமாவே சொல்கிறேன்.