காசியில் விட்ட காய்

தோலைச் சீவியதும் மொந்தன் காயின் பால் சின்னப்பிள்ளையின் உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. கையில் எண்ணெய் தடவிக்கொள்ள மறந்துவிட்டாள். இந்த வீட்டில் வாழைக்காய் அரிந்து ஒன்பது வருஷமாகிறது. மறக்காமல் என்ன செய்யும்? கறுத்துவிடாமல் இருக்கக் காய்களை மஞ்சள் கலந்த மோரில் போட்டாள். அடுப்பில் கடலை எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கை இங்கே இருந்ததே தவிர, காது முன்கட்டில் இருந்தது. அங்கே பாயில் கிடந்த அவள் புருஷன் சேவுகனின் மூச்சு, ஏறுவதும் நிற்பதும், நின்றேவிட்டதோ என்று நினைக்கும்போது மறுபடி ஏறுவதுமாக நாலு நாளாய் இழுத்துக்கொண்டிருந்தது.

எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. குன்றாண்டார்கோவிலில் வாக்கப்பட்ட மகள் அழகி வண்டி கட்டிக்கொண்டு வந்து பால் ஊற்றினாள். மகளைப் பார்க்கத்தான் உயிர் நிற்கிறது என்று சொன்னவர்கள் அதோடு வாயை மூடிக்கொண்டார்கள். நிலத்தின் மேல் ஆசையாக இருக்கும் என்று வயல் மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள். காசியிலிருந்து அவரே கொண்டுவந்து, ஈயம் வைத்து அடைத்தபடி மாடத்தில் இருந்த கங்கைச் சொம்பை நேற்று உடைத்து ஊற்றினார்கள். அதையும் குடித்துவிட்டு மனுஷர் இழுத்துக்கொண்டே கிடந்தார். பிடிவாதத்துக்குப் பேர் போனவர். சாகிறதில் மட்டும் அவசரப்பட்டுவிடுவாரா?

இரண்டு நாளாகப் பேச்சே இல்லாதவர், இன்று காலையில்தான் கண்ணைத் திறந்து தெளிவாகச் சொன்னார்.

"வாழைக்கா வறு."

சுற்றியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர் வாயில் அந்தப் பேச்சு வரலாமா?

புதுக்கோட்டைக்கு ரயில் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயத்தில், பங்காளி நல்லதம்பியோடு சேர்ந்து சேவுகன் காசி கயா போய் வந்தார். யுத்தமும் மண்ணெண்ணெய்ப் பஞ்சமும் வருவதற்கு முந்தின காலம் அது. கயாவில் பெற்றவர்களுக்குப் பிண்டம் போடுகிறவர்கள் ஒரு காயை ஆயுசுக்கும் விட்டுவிட வேண்டும். கெட்டிக்காரர்கள் பாகற்காயை விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். சேவுகனுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. ஆத்தா அப்பனுக்கு முன்னால் நின்று ஏமாற்று வேலையா என்று, உயிருக்கு உயிரான வாழைக்காயை விட்டார். அவர் வீடு திரும்பிய அன்று சின்னப்பிள்ளை ஒரு சட்டி நிறைய வாழைக்காய் வறுத்து வைத்துக்கொண்டு வழி பார்த்திருந்தாள்.

"அதை விட்டுட்டேன் பிள்ளை" என்று அவர் சொன்னதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னையக் கேட்டா விட்டீங்க?"

"கயாவுலேர்ந்து ஒன்னைய எப்புடிக் கேக்குறது?"

சட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அதோடு சரி. கொல்லையில் தள்ளிய தார்கள் முழுசு முழுசாகத் திருவரங்குளத்துச் சந்தைக்குப் போயின. கல்யாணப் பந்தியில் இலையில் வாழைக்காய் விழுந்தால்கூட ஓரமாக ஒதுக்கிவிடுவாள். யாராவது கேட்டால், "எனக்கு அது வாயு" என்பாள். எல்லாரும் நம்பினார்கள். உண்மையில் அவரைவிட அவளுக்குத்தான் அதில் கொள்ளை ஆசை. அவர் தின்னாததைத் தான் மட்டும் தின்றால் தொண்டையில் இறங்காது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தன்னைக் கேட்காமல் விட்டாரே என்ற கோபம் இன்னொரு பக்கம். இரண்டையும் வைத்துக்கொண்டே ஒன்பது வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

இப்போது அந்த மனுஷர் வாழைக்காய் கேட்கிறார்.

"குடுத்துருவமாத்தா" என்றாள் சேவுகனின் அக்காள் பிச்சையம்மாள். "ஆசையோட போனா அந்த உசிரு எங்கிட்டுப் போயி நிக்கும்? இந்த வீட்டைத்தான் சுத்திச் சுத்தி வரும்."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த நல்லதம்பி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "நல்லாச் சொன்னீங்க போங்க! கயாவுல ஆலமரத்தடியில கைத்தண்ணி விட்டு, இனி தொட மாட்டேன்னு அவரு சொன்னதைப் பக்கத்துல நின்னு பாத்தவன் நான். ஒம்பது வருசம் காத்ததைக் கடைசி மூச்சுல கெடுத்தா, போட்ட பிண்டமும் சேந்து போச்சு. அவருதான் நெனவு தப்பிக் கேக்குறாரு. நமக்குமா நெனவு தப்பிருச்சு?"

இருவரும் சின்னப்பிள்ளையைப் பார்த்தார்கள். கொடுத்தால் விரதம் போகும். கொடுக்காவிட்டால் ஆசையோடு போவார். அவர் நிம்மதியாகப் போக வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டும். எதைச் செய்தால் நிம்மதி என்பதுதான் தெரியவில்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று யோசிக்கவும் அவளுக்குத் தெம்பு இல்லை.

"வறுக்கச் சொன்னாக, வறுக்கிறேன். திங்கிறதும் திங்காததும் அவுக பாடு" என்று சொல்லிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

அப்படித்தான் இந்த அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

அழகி வந்து நின்றாள். "நீ அப்பாகிட்ட போத்தா. நான் வறுத்துக் கொண்டாரேன்."

"ஒனக்குப் பதம் தெரியாது. போ, போயி அவுக கையப் புடிச்சுக்கிட்டு இரு."

காயைத் துடைத்து, எண்ணெய்க்கு மேலேயே வைத்து வில்லை வில்லையாகச் சீவித் தள்ளினாள். சட்டி சடசடவென்று பொங்கியது. உப்புத் தண்ணீரைத் தெளித்ததும் இன்னும் ஒரு கூச்சல் போட்டது. அந்தக் கூச்சலில் முன்கட்டு மூச்சு காதில் விழாமல் போக, அவளுக்குப் பகீரென்றது. சாவு விழுந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. மூச்சு நின்ற நிமிஷத்தில் அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தாக வேண்டும். காய் சட்டியில் கிடக்கும்போதே போய்விட்டார் என்றால்?

"இருங்க, இந்தா ஆச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மணம் வீடு முழுக்கப் பரவியது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குள் கிசுகிசுப்பு எழுந்தது. "சாவு வீட்டுல எண்ணெச் சட்டி வச்சிருக்காளே, என்ன கூத்தும்மா இது?" என்று ஒருத்தி சொன்னது நன்றாகவே கேட்டது.

"இன்னும் சாவு வீடு ஆகலை" என்றாள் சின்னப்பிள்ளை, அவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

சட்டியில் சத்தம் அடங்கினால் பதம். அதற்கு முன்னால் எடுத்தால் வதக்கென்று போகும், விட்டால் கருகும். உயிர் போகிற அவசரத்திலும் அவள் அந்தச் சத்தம் அடங்கும்வரை நின்றாள். அரைகுறையாக எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்ட அவளால் முடியாது. அரித்தெடுத்து, மிளகாய்ப்பொடி தூவிக் குலுக்கி, வாழையிலை நறுக்கில் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

"இந்தா பாருங்க. வறுத்துக் கொண்டாந்துட்டேன்."

சேவுகனின் மூக்கு விடைத்தது. கண் திறந்தது. அவள் ஒரு வில்லையைப் பொடித்து, விரல்நுனியில் எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனாள். நல்லதம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சேவுகன் உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"அப்பறம் எதுக்குடா தம்பி கேட்ட?" என்று பிச்சையம்மாள் விம்மினாள்.

அவர் கை மெல்லப் பாயைவிட்டு எழும்பியது. இலையைத் தொட்டு, சின்னப்பிள்ளையின் பக்கமாகத் தள்ளியது.

"நீ தின்னு."

உப்புப் பார்க்கச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். "உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கும்."

"ஒம்பது வருசம்…" மூச்சு வாங்கியது. எல்லாரும் காத்திருந்தார்கள். "வாயுவாம்ல." உதட்டின் ஒரு கோடி லேசாகக் கோணியது. "தின்னு பிள்ளை. நான் பாக்கணும்."

அடப்பாவி மனுஷா! தெரிந்துகொண்டா இத்தனை வருஷமும் வாயைத் திறக்காமல் இருந்தார்? அப்படியே அவர் தோளைப் பிடித்து உலுக்கி நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. விழுந்து கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. நாலு நாளாகப் பச்சைத்தண்ணீரைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகாதவள். சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, எப்படித் தின்பாள்? நாத்தியாரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"மதினி…"

"சொல்றான்ல. தின்னுத்தா" என்றாள் பிச்சையம்மாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

சின்னப்பிள்ளை ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டாள். கடித்தபோது, அது நொறுங்கிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவளுக்குக் கூச்சமாகப் போயிற்று. சேவுகன் அதைக் கேட்டுக்கொண்டு, அவள் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லதம்பியும் இப்போது திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து வாய்க்கடைக்கு வந்தது. இன்னொன்று எடுத்தாள். அவர் பார்வை அப்படியே இருந்ததால் இன்னும் இரண்டைச் சேர்த்துப் போட்டுக்கொண்டாள்.

பார்வை அப்படியேதான் இருந்தது. ஏறிய நெஞ்சு இறங்கியது, அதற்கப்புறம் ஏறவில்லை.

பிச்சையம்மாள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "போயிட்டானே என்னைப் பெத்த ராசா!" அழகி அப்பாவின் காலில் விழுந்தாள். பெண்கள் கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓலமிட்டார்கள். யாரோ அடுப்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

சின்னப்பிள்ளையின் வாய் நிறைய இருந்தது. துப்ப அவளுக்கு மனசில்லை. மெல்லாமல் முழுசாக விழுங்கவும் முடியாது. புருஷன் செத்துக் கிடக்க, அவள் ஒருத்தி மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அழுவுடி! வாய் விட்டு அழுவுடி!" என்று இரண்டு பெண்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். "ஐயோ, இவளுக்கு என்னமோ ஆயிப்போச்சு!"

அவள் தலையை ஆட்டினாள். அவர்கள் கையை விலக்கிவிட்டு, நிதானமாக மென்றாள். கடைசித் துணுக்கு இறங்கியதும்தான் வாயைத் திறந்தாள்.